மாடியில் உட்கார்ந்து கால் வைத்தியம்

கேள்வி: கோபி பக்கம் தோட்டத்து வீடு எங்களுடையது. பயோடெக் முடித்திருக்கிறேன். இரண்டு முறை நீட் எழுதியும் எம்பிபிஎஸ் கிடைக்கவில்லை. அமெரிக்காவில் இருக்கும் சித்தி, அங்கே போடியாட்ரி, அதாவது பாத மருத்துவம் படி, போட்டி குறைவு என்கிறார். எனக்கு நிஜமாகவே ஆர்வம் இருக்கிறது என்று கல்லூரிக்காரர்கள் நம்பும்படி எப்படி எழுதுவது? வீட்டில் அப்பாருக்கு, அதாவது அப்பாவின் அப்பாவுக்கு, காலில் சர்க்கரைப் புண், அம்மாதான் தினமும் கட்டுப் போடுகிறார். அந்த வாடை ஆகாமல் மாடிக்குப் போய் உட்கார்ந்து எழுதிப் பார்க்கிறேன், ஒன்றும் வரவில்லை.

பதில்: எப்படி வரும் அம்மணி? நீ எதைப் படிக்கப் போவதாக எழுதுகிறாயோ அது கீழே கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருக்கிறது, நீ மூக்கைப் பொத்திக்கொண்டு மாடியேறிவிட்டாய். நீட் வரவில்லை, சித்தி சொன்னார் என்பதற்கெல்லாம் நான் திட்டமாட்டேன். அப்படிப் போய் நன்றாக வந்தவர்கள் எத்தனையோ பேர். எனக்குப் பொறுக்காதது அந்த மாடிப்படிதான்.

அங்கே டிபிஎம் என்கிற பாத மருத்துவப் படிப்பு 4 வருடம், அப்புறம் 3 வருடம் ரெசிடென்ஸி என்கிற ஆஸ்பத்திரிப் பயிற்சி. அவ்வளவு வருடமும் என்ன பார்க்கப் போகிறாய் என்று நினைத்தாய்? கால் ஆணி, சீழ் வைத்த நகம், கறுத்துப்போன விரல். உங்கள் அப்பாரு கால் வாடையே ஆகாதவளுக்கு ஊரான் காலா ஆகப் போகிறது?

நாளைக் காலையில் கட்டுப் போட அம்மாவுக்குப் பதில் நீ உட்கார். கையைக் கழுவி, கையுறை போட்டு, ஒட்டியிருக்கிற துணியை சலைன் விட்டு ஊறவைத்து எடு, வெடுக்கென்று இழுக்காதே. விரல் இடுக்கைப் பார். புறங்கையை வைத்து இரண்டு காலிலும் சூடு ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார். ஒரு கால் மட்டும் சுட்டால் அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போ. அப்பாருக்கு வலிக்காமலே இருக்கலாம், அதுதான் இதில் மோசம். நாள்பட்ட சர்க்கரை நரம்பைக் கெடுத்துவிட்டால் முள் ஏறினாலும் தெரியாது. பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடித் தீர்த்தம் எடுத்துப் பழனிக்கு வெறுங்காலில் நடக்கிறோமே, அந்தத் தார் ரோட்டில் உள்ளங்கால் வெந்தாலும் இப்படிப்பட்டவர்களுக்கு உறைக்காது, வீட்டுக்கு வந்து யாராவது பார்த்துச் சொன்னால்தான் உண்டு. 1946ல் வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளிடம் கண்டதும் இதேதான்: வலி தெரியாமல் அதே காலால் நடந்து நடந்தே பாதம் போகிறது. சர்க்கரைக் காலுக்கு எழுதித்தருகிற எம்சிஆர் என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்புகூட அந்தத் தொழுநோய் வேலையிலிருந்து வந்ததுதான்.

கட்டுரைக்காக மட்டும் பத்து நாள் கட்டிவிட்டுத் தாத்தாவின் பாதங்கள் என்று உருகி எழுதி அனுப்பாதே. நேர்காணலில் ஏன் மற்ற மருத்துவம் இல்லை, ஏன் பாதம் என்று கேட்பார்கள், அப்போது மாடியில் இருந்தவள் மாட்டிக்கொள்வாள். எம்பிபிஎஸ்தான் முதல் ஆசை என்பதையும் மறைக்காதே.

மற்றதெல்லாம் சின்ன வேலை. உன் பட்டத்தை ஏற்பார்களா, அங்கே சில பாடம் படிக்கச் சொல்வார்களா என்று ஒவ்வொரு கல்லூரிக்கும் மெயில் போட்டுக் கேள். அங்கத்திய மருத்துவ நுழைவுத் தேர்வான எம்கேட்டுக்குப் படி. கோயமுத்தூரில் சர்க்கரைக் கால் பார்க்கிற டாக்டர் யாரிடமாவது அனுமதி வாங்கி ஓரமாக உட்கார்ந்து பார், நோயாளி பெயரில்லாமல் குறித்து வை. டிபிஎம் டாக்டரின் பரிந்துரைக் கடிதமே வேண்டும் என்கிற கல்லூரிக்கு இங்கத்திய டாக்டர் கடிதம் போதாது, அதற்குச் சித்தி ஊரில் ஒருவரைத் தேடச் சொல்.

அப்புறம் ஒன்று. கடிதம் முழுக்க அம்மா கட்டுப் போடுகிறார் என்றிருக்கிறது. அந்தக் கால் உங்கப்பாவைப் பெற்றவருடையது, உங்கப்பா எங்கே போனார்? மாமனார் புண்ணை மருமகள் துடைக்க, பெற்ற மகன் தோட்டத்தைச் சுற்றிவருவது என்ன நியாயம்? இந்தப் பக்கத்தை அவரிடம் காட்டு, ஞாயிற்றுக்கிழமைக் கட்டு அவர் போடட்டும்.