கலப்புக் கூண்டில் ஃபிஞ்ச்: ஒற்றையை எங்கே வைப்பது? கேள்வி பதில்

ஃபிஞ்ச் (தானியம் தின்னும் சின்னக் கூண்டுக் குருவி) பற்றிய கேள்விகள் மட்டும். "பத்துக் குருவி இருக்கு, சண்டை பிடிக்குது" என்று எழுதாதீர்கள். எந்த இனம் (ஸீப்ரா, பெங்கலீஸ், கோல்டியன் போல), எத்தனை ஆண், எத்தனை பெண், எத்தனை முட்டி (கூடு கட்ட விடும் சட்டி) தொங்குகிறது, இந்த நாலும் தெரியாமல் பதில் சொல்ல ஏலாது.

உப்புவெளியிலிருந்து: அண்ணா, கூண்டு 8 அடி நீளம், 4 அடி அகலம், 6 அடி உயரம். ஸீப்ரா 3 சோடி, பெண் செத்துப்போன ஒற்றை ஸீப்ரா ஆண் ஒன்று, பெங்கலீஸ் ஒரு சோடி. முட்டி 4. மூன்று கிழமையாக ஒரே துரத்தல். ஒரு பெண்ணின் முதுகில் இறகே இல்லை. இடம் காணாதா?

பதில்: இடம் தாராளம். கணக்குத்தான் பிழை. ஸீப்ரா சோடி சேர்ந்தால் லேசில் பிரியாது, ஆனால் துணை செத்தால் வெகு சீக்கிரம் அடுத்ததைத் தேடும். உங்கள் கூண்டில் மிச்சப் பெண் இல்லை. ஆகவே அந்த ஆண் மற்றவர்களின் பெண்களைச் சுற்றுகிறது, முட்டிக்குள் தலையை விடுகிறது. வீட்டுக்காரன் துரத்துகிறான். ஸீப்ராவில் ஆணும் பெண்ணும் மாறி மாறித்தான் அடைகாக்கும். காவலுக்கே நேரம் போனால் முட்டை குளிர்ந்துவிடும்.

அடுத்தது முட்டி. நாலு சோடிக்கு நாலு முட்டி என்பது சண்டைக்கு அழைப்பு. சோடிக்கு இரண்டு, எல்லாம் ஒரே உயரத்தில். ஒன்று மட்டும் மேலே இருந்தால் எல்லாமே அதைத்தான் கேட்கும்.

இன்றைக்கே ஒற்றை ஆணையும் முதுகு வெட்டையான பெண்ணையும் வெளியே எடுங்கள். ஆணை 2 அடிக் கூண்டில், மற்றவற்றின் சத்தம் கேட்கிற இடத்தில் தொங்கவிடுங்கள். ஃபிஞ்ச் கூட்டத்தில் வாழ்கிற குருவி, சத்தமே கேட்காத மூலையில் வாடிப்போகும். பெண்ணைத் தன் சோடியோடு சேர்த்து வேறாக வையுங்கள். தனியே பிரித்தால் உள்ளே இன்னொரு ஒற்றை ஆண் உருவாகிவிடும். இறகு முளைத்த பிறகு அந்தச் சோடியைத் திருப்பி விடலாம். தீனிப் பாத்திரத்தைக் கூண்டின் இரண்டு கோடியிலும் வையுங்கள், ஒரு முரடன் இரண்டையும் காவல் காக்க ஏலாது.

பிறகு ஒரு பெண் வாங்குங்கள். 30 நாள் தனியே வைத்து எச்சமும் மூச்சும் பார்த்து, அதன் பின் அந்த ஆணோடு சிறு கூண்டில் இரண்டு கிழமை. ஒன்றையொன்று கோதிவிட்டு ஒட்டி உட்கார்ந்தால் சோடி சரி. உள்ளே குஞ்சுகள் இருந்தால் அவை தாமாகத் தின்னும் வரை, அதாவது பொரித்து ஏறக்குறைய 35 நாள் வரை, பொறுங்கள். அதன்பின் எல்லா முட்டியையும் கழற்றி, கொப்புகளை இடம் மாற்றிக் கட்டி, காலையில் புதுச் சோடியை விடுங்கள். பழைய குருவிகளுக்கும் இடம் புதிதாகத் தெரியவேண்டும். பின்னேரத்தில் விட்டால் இருட்டில் கொப்பு தெரியாமல் வலையில் மோதும். ஒரு கிழமை கழித்துப் பத்து முட்டி, பெங்கலீஸுக்கும் சேர்த்து.

கிண்ணியாவிலிருந்து: லவ்பேர்ட்ஸோடு ஃபிஞ்ச் போடலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. இங்கே லவ்பேர்ட்ஸ் என்று விற்பது பெரும்பாலும் பட்ஜி என்ற சின்னக் கிளி. வலையில் தொங்கும் ஃபிஞ்சின் கால்விரலைக் கடித்துத் துண்டாக்க அதற்கு ஒரு நொடி போதும். உண்மையான லவ்பேர்ட் இன்னும் மோசம்.

தம்பலகாமத்திலிருந்து: வயலில் பிடித்த சில்லைக் குருவி இரண்டு இருக்கு. பெங்கலீஸோடு விட்டால் சேருமா?

பதில்: சேரும், அதுதான் சிக்கல். பெங்கலீஸ் என்பது வெண்முதுகுச் சில்லையிலிருந்து ஜப்பானில் பல தலைமுறையாக வளர்த்தெடுத்த பறவை. காட்டில் பெங்கலீஸ் என்று ஒரு பறவை கிடையாது. உறவு கிட்ட என்பதால் கலப்புக் குஞ்சு வரும், இனம் குழம்பும். வயல் குருவி உண்ணியும் குடல் நோயும் கொண்டுவரும். மிரண்டு இரவில் மோதி மற்றவற்றையும் எழுப்பும். பிடித்த வயலிலேயே விட்டுவிடுங்கள்.

சாம்பல்தீவிலிருந்து: ஸீப்ராப் பெண் நிலத்தில் உப்பிக்கொண்டு இருக்குது, வாலை ஆட்டுது. முட்டை வரவில்லை. இந்த வருசம் ஐந்தாவது தரம் முட்டை போடுது.

பதில்: முட்டை அடைத்திருக்கிறது அக்கா. இதை வாசித்ததும் எழும்புங்கள். சின்னப் பெட்டியில் துணி விரித்து விடுங்கள், ஒரு பக்கம் வெளியே 40 வாட் குண்டு பல்பு. உள்ளே 30 முதல் 32 பாகை இருக்கட்டும். சூடு கூடினால் விலகிப் போக மறுபக்கம் இடம் வேண்டும். ஈரத்துணி ஒன்றை உள்ளே வையுங்கள். கல்சியம் திரவம் இருந்தால் அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு, உள்ளே ஊற்றக்கூடாது. வயிற்றை அமுக்கவே கூடாது, முட்டை உள்ளே உடைந்தால் அதோடு சரி. சில மணி நேரத்தில் போடாவிட்டால் மிருக வைத்தியரிடம்.

காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. ஐந்து தரம் என்பது அதிகம். மூன்றோடு முட்டியை இறக்கிவிடவேண்டும். கல்சியத்துக்குக் கணவாய் ஓடு கொடுங்கள், கடையில் வாங்கவும் தேவையில்லை, உங்கள் கரையிலேயே ஒதுங்கும். கறுத்துப் போனதை விடுங்கள். வெள்ளையானதை நல்ல தண்ணீரில் ஒரு கிழமை ஊறவிட்டு, தினமும் தண்ணீர் மாற்றி, மணம் போகும் வரை வெயிலில் காயவைத்து, மிருதுவான பக்கம் உள்ளே தெரியக் கட்டுங்கள்.

மூதூரிலிருந்து: லவ்பேர்ட்ஸ் குஞ்சிலிருந்தே ஃபிஞ்சோடு வளர்ந்தால் கடிக்காதுதானே?

பதில்: குஞ்சு வளரும், சொண்டும் வளரும். கிண்ணியாத் தம்பிக்குச் சொன்னதுதான்.

உவர்மலையிலிருந்து: உப்புவெளிக்காரருக்குச் சொன்னதை நான் ஏற்கமாட்டேன். 4 ஸீப்ரா ஆண், 3 பெண் ஒரே கூண்டில் வைத்திருக்கிறேன். ஒரு சண்டையும் இல்லை. ஒற்றையை எடுக்கத்தான் வேண்டும் என்பது புத்தகக் கதை.

பதில்: முட்டி எத்தனை தொங்குது என்று எழுதவில்லையே.

பாலையூற்றிலிருந்து: உவர்மலை அண்ணா சொல்வது சரிதான். என்னிடம் பெண்ணே இல்லாமல் இரண்டு ஆண் இருக்கு, ஒட்டிக்கொண்டுதான் தூங்குது.

பதில்: உங்களுடையது வேறு கதை. பெண் கண்ணில் படாவிட்டால் இரண்டு ஸீப்ரா ஆண்கள் சோடி மாதிரியே சேர்ந்துவிடும், ஒன்றையொன்று கோதும். அதற்குள் ஒரு பெண்ணை மட்டும் விட்டுப் பாருங்கள். இல்லை, பார்க்கவேண்டாம்.

உவர்மலையிலிருந்து: முட்டி இப்போது ஒன்றும் இல்லை. கச்சான் காற்றுக்குக் கழற்றினது, இன்னும் போடவில்லை. அதனால் என்ன?

பதில்: அதனால்தான் ஐயா. முட்டி இல்லாத கூண்டில் காக்க எதுவும் இல்லை. கொப்பும் தீனியும் போதிய அளவு இருந்தால் ஒற்றை ஆண் சும்மா பாடிக்கொண்டு திரியும். அந்த அளவுக்கு நீங்கள் சொல்வது சரி, நானும் முதலிலேயே பிரித்துச் சொல்லியிருக்கவேண்டும். முட்டி தொங்கிய நாளிலிருந்து கதை மாறும். ஒரு நிமிடம் துரத்திவிட்டு நிறுத்தினால் பரவாயில்லை. ஒரே குருவியைத் தீனிக்கும் தண்ணீருக்கும் வரவிடாமல் அடித்தால், அல்லது தலையில் தோல் தெரிந்தால், அன்றைக்கே எடுங்கள்.

உவர்மலையிலிருந்து: அப்படியானால் ஒற்றை பெங்கலீஸையும் எடுக்கச் சொல்வீர்களோ?

பதில்: அது சண்டைக்கு நிற்காது, ஒற்றையாக இருக்க ஸீப்ராவைவிடப் பொருத்தம். அதன் குணக்கேடு வேறு: பெங்கலீஸ் கூட்டமாக ஒரே முட்டிக்குள் தூங்கப் பார்க்கும். ஸீப்ரா அடைகாக்கும் முட்டிக்குள் நுழைந்து உட்கார்ந்துவிடும். துணைக்கு இன்னொரு பெங்கலீஸ் கொடுங்கள், ஆணோ பெண்ணோ பிரச்சினை இல்லை. பாடுவது ஆண் மட்டும்தான், பார்வையால் பிரிக்க ஏலாது.

மட்டிக்களியிலிருந்து: கோல்டியன் சோடி ஒன்று ஸீப்ராவோடு விடலாமா? விலை கூட, பயமாக இருக்கு.

பதில்: பயம் நியாயம். கோல்டியன் அடக்கமானது. ஸீப்ரா அதன் கூட்டுப் பெட்டிக்குள் தும்பு நிரப்பிவிடும். தனிக் கூண்டு நல்லது. சேர்த்தே ஆகவேண்டுமென்றால் பெங்கலீஸோடு விடுங்கள். மாரியில் வாடைக்காற்று நேரே அடிக்காமல் வடக்கும் கிழக்கும் தகரமோ தறப்பாளோ மறைக்கவேண்டும். ஜாவாக் குருவியும் பெரிய சொண்டுக்காரன், அதோடும் வேண்டாம்.

தும்பு என்றதும் ஒன்று: 2, 3 அங்குலமாக வெட்டிக் கொடுங்கள். நூல், தலைமயிர், சாக்கு இழை எதுவும் வேண்டாம், காலில் சுற்றி விரல் அழுகும். முட்டை போட்டதும் தும்பை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் ஸீப்ரா முட்டைக்கு மேலேயே அடுத்த படுக்கையைப் போடும்.

லிங்கநகரிலிருந்து: புது நாகமுலாம் வலை, வெள்ளையாகப் பொடி உதிருது.

பதில்: அது நாகம், குருவி கொத்தினால் நஞ்சு. வினாகிரியும் தூரிகையும் போட்டு உரசி, கழுவி, காயவைத்த பிறகுதான் குருவி. வலைக்கண் அரை அங்குலம் ஃபிஞ்சுக்குப் போதும், ஆனால் எலிக்குஞ்சு நுழையும். அடியிலிருந்து 2 அடி வரை கால் அங்குலம் போடுங்கள்.

நிலாவெளியிலிருந்து: லவ்பேர்ட்ஸ் ஒன்று மட்டும் இருந்தால்?

பதில்: இல்லை.

சீனக்குடாவிலிருந்து: முட்டிக்குள் செவ்வெறும்பு ஏறி இரண்டு குஞ்சு செத்துப்போச்சு. பூச்சி மருந்து அடிக்கலாமா?

பதில்: அடித்தால் மிச்சக் குஞ்சும் போகும். கூண்டின் நாலு காலையும் தண்ணீர் நிரப்பிய பேணிக்குள் நிறுத்துங்கள். தண்ணீரில் கொஞ்சம் சவர்க்காரம் கரைத்தால் எறும்பு மிதந்து கடக்காது, ஆனால் பேணி கூண்டுக்கு வெளியே இருக்கவேண்டும், குருவி குடிக்கக்கூடாது. வலையில் உரசும் மரக்கிளையை வெட்டுங்கள், எறும்பு அதால்தான் வரும். அவித்த முட்டைத் தீனியை இந்த வெயிலில் இரண்டு மணி நேரத்துக்குமேல் உள்ளே விடவேண்டாம். குஞ்சு செத்த முட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு அதே உயரத்தில் புதிது கட்டுங்கள்.