தூது போன வைத்தியர்

கேள்வி (கும்பகோணம் வாசகர்): உஸ்மானியத் துருக்கியருக்கு எதிராகக் கூட்டணி சேர்க்க, மறுமலர்ச்சிக் கால ஐரோப்பாவில் வைத்தியர்களைக்கூடத் தூதர்களாக அனுப்பினார்கள் என்று ஒரு சொற்பொழிவில் கேட்டேன். அமைச்சர் போக வேண்டிய இடத்துக்கு மருந்து கொடுப்பவரை ஏன் அனுப்ப வேண்டும்?

பதில்: சொற்பொழிவாளர் சொன்னது உண்மைதான். அப்படிப் போனவர்களில் நான் முதலில் சொல்லக்கூடியவர் யோஹான்னஸ் குஸ்பீனியன். 1473-இல் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபர்ட்டில் பிறந்து, வியன்னாவில் மருத்துவம் படித்து, 1500-இல், ஏறத்தாழ 27 வயதில், அந்தப் பல்கலைக்கழகத்துக்கே தலைவரானவர். அவர் லத்தீன் கவிஞரும்கூட. பின்னாளில் புனித ரோமப் பேரரசரான ஹாப்ஸ்பர்க் குடும்பத்து மாக்ஸிமிலியன் கையால் இளமையிலேயே கவிஞருக்குரிய முடியைப் பெற்றிருந்தார். லூக்காஸ் கிரானக் வரைந்த அவருடைய ஓவியம் ஒன்று சுவிட்சர்லாந்தில் இருக்கிறது. அதில் அவர் கையில் இருப்பது மருந்துக் குப்பியன்று, புத்தகம்.

உங்கள் கேள்விக்கு விடை பாதி அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. ஹங்கேரி, பொஹீமியா (இன்றைய செக் நாட்டுப் பகுதி), போலந்து ஆகிய நாடுகளின் அரசவைகளை இணைத்த மொழி லத்தீன். அதைப் பிழையின்றிப் பேசவும், அந்த இடத்திலேயே ஒப்பந்த வாசகத்தை எழுதவும் தெரிந்தவர்களில் பட்டம் பெற்ற மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் இருந்தார்கள். மறுபாதி, வைத்தியருக்கு மட்டுமே உரியது. அப்போது ஹங்கேரியையும் பொஹீமியாவையும் ஆண்ட விளாடிஸ்லாவ் நோயாளி, மகனோ சிறுவன். அரசர் இன்னும் எத்தனை நாள் தாங்குவார் என்பதைவிடப் பெரிய அரசியல் செய்தி அந்த ஆண்டுகளில் வேறொன்றும் இல்லை. ஒரு பிரபு தூது வந்தால் கொலுமண்டபத்தில் நிறுத்திப் பேசி அனுப்பிவிடலாம். நம்மூரில் கைராசிக்கார வைத்தியரை அடுக்களை வரை கூப்பிட்டு உட்கார வைப்பதைப் போல, மருத்துவம் கற்றவர் அருகில் வந்து அமர்வதை எந்த அரசரும் தவறாக எண்ணுவதில்லை. அவர் பேசிக்கொண்டே முகத்தின் வெளிறலையும் காலின் வீக்கத்தையும் படித்துவிடுவார். மாக்ஸிமிலியன் 5 ஆண்டுகளில் 24 முறை இவரை ஹங்கேரிக்கு அனுப்பியதில் இந்தக் கணக்கும் இருந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். வியன்னாவிலிருந்து ஹங்கேரியின் தலைநகரான புடா, கும்பகோணத்திலிருந்து சென்னை போகும் தூரத்தைவிடச் சற்றுக் குறைவுதான்; ஆனால் அதைக் குதிரையிலோ வண்டியிலோ டான்யூபில் படகிலோ கடக்க வேண்டும்.

தொழிலால் தூதராக இல்லாத ஒருவரைத் தூது அனுப்புவது காவிரிக் கரைக்கும் புதிதன்று. 1779-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை நிர்வாகம் ஹைதர் அலியிடம் பேச ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அனுப்பியது, தஞ்சையில் வாழ்ந்த பாதிரியார் ஷ்வார்ட்ஸைத்தான். அவருடைய சொல்லை ஹைதர் நம்புவார் என்பதே காரணம்.

கேள்வி (மயிலாடுதுறை வாசகி): அந்த வைத்தியர் போன தூது பலித்ததா?

பதில்: பலித்தது, எதற்காகப் பேசப்பட்டதோ அதற்குப் பலிக்கவில்லை. குஸ்பீனியன் பல ஆண்டுகள் அலைந்து முடித்துவைத்த பேச்சு, 1515 ஜூலை 22 அன்று வியன்னாவின் புனித ஸ்டீபன் தேவாலயத்தில் இரட்டைத் திருமணமாக நிறைவேறியது. விளாடிஸ்லாவும் அவருடைய தம்பியான போலந்து அரசர் சிகிஸ்முண்டும் வந்திருந்தார்கள். விளாடிஸ்லாவின் மகன் லூயிக்கு 9 வயது. அவனுக்கு மாக்ஸிமிலியனின் பேத்தி மேரி. லூயியின் அக்காள் ஆன்னாவுக்கு மறுநாள்தான் 12 வயது நிறைகிறது. அவளுக்கு மாப்பிள்ளை பேரரசரின் பேரன்களில் ஒருவன். எந்தப் பேரன் என்று முடிவாகாததால், மாப்பிள்ளைக்குப் பதிலாக 56 வயது மாக்ஸிமிலியனே அந்தச் சிறுமியின் அருகில் நின்றார்.

துருக்கியரை எதிர்த்து ஒன்றாக நிற்பதும் அங்கே பேசப்பட்டதுதான். ஆனால் சிகிஸ்முண்டின் கவலை, முந்தைய ஆண்டு ஸ்மோலென்ஸ்க் நகரத்தைப் பிடித்துக்கொண்ட மாஸ்கோவைப் பற்றியது. மாக்ஸிமிலியனின் கண் ஹங்கேரியின் மணிமுடிமீது இருந்தது. சுல்தான் செலிமோ கிழக்கே பாரசீகத்தோடு போரிட்டுக்கொண்டிருந்தார். கொள்ளிடத்தில் மணல் மட்டும் தெரிகிற கோடையில்தான் கரையைப் பலப்படுத்த வேண்டும். ஆனால் அந்த மாதங்களில்தான் கரையின் நினைப்பே யாருக்கும் வராது. 1521-இல் சுல்தான் சுலைமான் பெல்கிரேடைப் பிடித்தார். 1526 ஆகஸ்ட் 29 அன்று மொஹாச் களத்தில் ஹங்கேரியப் படை அழிந்தது. தந்தைக்குப் பின் அரசனாகியிருந்த 20 வயது லூயி தப்பியோடும்போது ஓர் ஓடையில் விழுந்து இறந்தான். தேவாலயத்தில் கைகோத்து நின்ற உறவுக்காரர்களின் படை எதுவும் உரிய நேரத்தில் வந்து சேரவில்லை. ஆன்னாவை மணந்திருந்த பேரன் பெர்டினாண்டு வாரிசுரிமை கோரி பொஹீமியாவையும் ஹங்கேரியின் ஒரு பகுதியையும் அடைந்தார். ஹாப்ஸ்பர்க் குடும்பத்தின் பிடி 1918 வரை நீடித்தது. ஒரு வைத்தியர் பேசி முடித்த சம்பந்தம் 400 ஆண்டு நிலைத்தது என்றால், தரகர் என்ற அளவில் குஸ்பீனியனைக் குறை சொல்ல முடியாது.

அவருக்கே அது போதவில்லை. மொஹாச் தோல்விக்குப் பிறகு, துருக்கியரை எதிர்க்க எழுமாறு ஜெர்மானிய இளவரசர்களுக்கு லத்தீனில் ஓர் அறைகூவல் எழுதி அச்சிட்டார். 1529 ஏப்ரலில் காலமானார். செப்டம்பரில் சுலைமானின் படை வியன்னாவின் மதில்களுக்கு வெளியே கூடாரம் அடித்தது.

கேள்வி (நாகப்பட்டினம் வாசகர்): உஸ்மானியரும் வைத்தியர்களைத் தூது அனுப்பினார்களா?

பதில்: அனுப்பினார்கள். சாலமன் அஷ்கெனாஸி என்ற யூத மருத்துவர் இத்தாலியில் பிறந்து, பாதுவாவில் படித்து, போலந்து அரசருக்கு வைத்தியம் பார்த்துவிட்டு இஸ்தான்புல்லில் குடியேறியவர். சைப்ரஸுக்காக வெனிஸும் உஸ்மானியரும் போரிட்ட காலத்தில் அங்கே காவலில் இருந்த வெனிஸ் தூதருக்கும் தலைமை அமைச்சர் சொக்குல்லு மெஹ்மத் பாஷாவுக்கும் நடுவே செய்தி கொண்டுபோனவர் இவர். இரு வீட்டுக்கும் வைத்தியர் என்பதால் போக்குவரத்து யார் கண்ணையும் உறுத்தவில்லை. 1573 மார்ச்சில் சமாதானம் கையெழுத்தானது. வெனிஸ் தன் கூட்டாளிகளைக் கைவிட்டு சைப்ரஸை விட்டுக்கொடுத்தது. மறு ஆண்டு அஷ்கெனாஸி சுல்தானின் தூதராக வெனிஸுக்கே வந்தார். தன் யூதக் குடிகளை வெளியேற்றுவதென்று 1571-இல் தீர்மானம் போட்டிருந்த அந்த நகரம் அவரை அரசு மரியாதையோடு வரவேற்றது.