அமெரிக்காவின் பெரிய கல்லூரிகளில் கறுப்பின மாணவர்கள் யாரோடும் கலப்பதில்லையா?

கேட்கப்பட்ட கேள்வி: "என் மகள் இந்த ஆகஸ்டில் அமெரிக்காவில் பெயர்பெற்ற கல்லூரி ஒன்றில் இளங்கலை சேர்கிறாள். அங்கே கறுப்பின மாணவர்கள் யாரோடும் ஒட்டாமல் தங்களுக்குள்ளேயே இருப்பார்கள் என்று உறவினர் ஒருவர் சொன்னார். உண்மையா?"

உங்கள் உறவினர் பொய் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கூடத்தில் பார்த்ததைச் சொல்லியிருக்கிறார். நானும் போன புதிதில் அதைத்தான் பார்த்தேன், அவர் நினைத்ததைத்தான் நினைத்தேன்.

அமெரிக்காவின் வடகிழக்கில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காக ஆறு வருடம் இருந்தேன். அதில் மூன்று வருடம் முதலாமாண்டு மாணவர் விடுதியிலேயே தங்கி அவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. சேவை மனப்பான்மை எல்லாம் இல்லை, வாடகை மிச்சம். அறைத்தோழர்களின் சண்டையைத் தீர்க்க வேண்டும், ராத்திரி இரண்டு மணிக்கு யாராவது பாப்கார்னைக் கருக்கி அலாரம் அடித்தால் எல்லாரையும் குளிரில் வெளியே கூட்டிப்போக வேண்டும். அவ்வளவுதான்.

என் மாடியில் மெம்பிஸ் நகரத்துப் பையன் ஒருவன் இருந்தான். கறுப்பினம், இயந்திரப் பொறியியல். மதியம் ஜன்னலோரத்து நீள மேசையில் எட்டுப் பத்துப் பேரோடு உட்காருவான், எல்லாரும் கறுப்பின மாணவர்கள். ஒருநாள் துணி துவைக்கும் அறையில் தனியாக மாட்டினான். "ஏன் எப்போதும் ஒரே மேசை?" என்று கேட்டேவிட்டேன். கோபப்படவில்லை. விரல் விட்டு எண்ணினான். காலை கணக்கு வகுப்பில் நூற்றுச் சொச்சம் பேர், அதில் நாங்கள் இரண்டு பேர். ஆய்வகக் குழுவில் நான் மட்டும். ரூம்மேட் கனெக்டிகட் மாநிலத்து வெள்ளைக்காரப் பையன். சாயங்காலம் நூலகத்தில் வேலை, அங்கேயும் நான் மட்டும். "நாள் முழுக்கக் கலந்துகொண்டுதான் இருக்கிறேன். ஒரு வேளை சாப்பாடு மட்டும் விளக்கம் சொல்லாமல் சாப்பிடலாம் என்று பார்க்கிறேன்" என்றான். அப்புறம் மெதுவாக, "சனிக்கிழமை ராத்திரி நீ யாரோடு சமைக்கிறாய்?" என்று கேட்டான்.

நாங்கள் ஐந்து பேர், நான்கு தமிழர், ஒரு தெலுங்கர். குக்கர் சத்தம் மாடி முழுக்கக் கேட்கும். எங்களை யாரும் எதுவும் கேட்டதில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நூற்றுக்கு ஏழெட்டுப் பேராக இருக்கிற ஒருவன் மற்றவர்களோடு பழகாமல் ஒரு நாளைக்கூடத் தள்ள முடியாது. நூற்றுக்கு ஐம்பது பேராக இருக்கிறவன் நான்கு வருடமும் ஒரு கறுப்பின நண்பன் இல்லாமல் பட்டம் வாங்கிவிடலாம், அது யார் கண்ணிலும் படாது. வெள்ளை மாணவர்கள் மட்டும் உட்கார்ந்திருக்கும் மேசைகள் அந்தக் கூடத்தில் இருபதாவது இருந்திருக்கும். அவற்றை நான் எண்ணியதே இல்லை.

இது என் ஒருவன் அனுபவம் மட்டும் இல்லை. டார்ட்மவுத் கல்லூரியில் மாணவர்கள் யாருக்கு எத்தனை மின்னஞ்சல் அனுப்புகிறார்கள் என்பதை வைத்தே நட்பை அளந்த ஓர் ஆய்வு 2006-இல் வந்தது. ஒரே பாடம், ஒரே விருப்பம் என்பதையெல்லாம்விட இரண்டு விஷயங்கள்தான் பலமாக நின்றன: ஒரே இனம், முதல் வருடத்தில் பக்கத்துப் பக்கத்து அறை. இனம் கல்லூரியின் கையில் இல்லை, அறை ஒதுக்குவது அதன் கையில்தான் இருக்கிறது.

ஆனால் பல காலம் அறையைக் கொடுக்காமல் இருந்ததும் கல்லூரிகள்தான். 1888-இல் ஹார்வர்டுக்கு வந்த கறுப்பின அறிஞர் டபிள்யூ.இ.பி. டுபாய்ஸ் வளாகத்துக்கு வெளியே வாடகை அறையில்தான் தங்கினார். பாட்டுக் குழுவில் சேரப் போனார், எடுக்கவில்லை. பிற்பாடு ஹார்வர்டில் முனைவர் பட்டம் வாங்கிய முதல் கறுப்பினத்தவர் அவர்தான், 1895-இல். அதற்கப்புறம் நிலைமை சீராகியிருக்கும் என்றுதானே நினைப்போம்? 1922-இல் ஹார்வர்டின் தலைவர் லோவெல், முதலாமாண்டு விடுதியில் கறுப்பின மாணவர்களுக்கு இடமில்லை என்று சொன்னார். முதலாமாண்டுக்காரர்கள் எல்லாரும் அந்த விடுதியில்தான் தங்க வேண்டும் என்பதும் அவர் காலத்து விதியே. பெரிய எதிர்ப்பு கிளம்பி, அடுத்த வருடம் மேற்பார்வைக் குழு அதை ரத்து செய்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1904-05-இல் படித்த கறுப்பின மாணவர்களில் ஆறு பேர் அடுத்த ஆண்டு திரும்பி வரவில்லை. மிச்சமிருந்தவர்கள் படிப்புக்கும் ஆறுதலுக்கும் என்று ஒன்றுசேர ஆரம்பித்து, 1906 டிசம்பர் 4 அன்று ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா என்ற சங்கமாக ஆனார்கள். பின்னாளில் மார்ட்டின் லூதர் கிங்கும் அதில் உறுப்பினர். ஜன்னலோர மேசைக்கு வயது நூறுக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கதை வேறு மாதிரி. அங்கே பிராஸ்பெக்ட் அவென்யூ என்ற தெருவை ஒட்டிப் பதினோரு 'ஈட்டிங் கிளப்'கள் உண்டு. மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர்களில் பெரும்பாலோர் சாப்பிடுவதும் ஆடுவதும் அங்கேதான். உறுப்பினராகச் சேர சிலவற்றில் குலுக்கல், சிலவற்றில் உள்ளே இருப்பவர்கள் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். 1981-இல் அங்கே சேர்ந்த மிஷேல் ஒபாமா அந்தத் தெருவை விட்டுவிட்டு, சிறுபான்மை மாணவர்களுக்கென இருந்த மூன்றாம் உலக மையத்தில்தான் தன் பொழுதைக் கழித்தார். முதல் வருடம் அவருடைய அறைத்தோழியின் அம்மா, மகளைக் கறுப்பினப் பெண்ணோடு தங்கவைப்பதா என்று நிர்வாகத்திடம் அறையை மாற்றக் கேட்டார். அந்த அம்மாவே பல வருடம் கழித்துப் பத்திரிகையில் ஒப்புக்கொண்டது இது. தான் கறுப்பினத்தவள் என்ற உணர்வை பிரின்ஸ்டன் அளவுக்கு எந்த இடமும் தனக்கு ஊட்டியதில்லை என்று 1985-இல் தன் பட்ட ஆய்வேட்டில் மிஷேல் எழுதினார்.

இப்போது யாரும் அப்படி வெளிப்படையாகச் செய்வதில்லை. சின்னச் சின்னதாக நடக்கும். ஒரு ஜனவரி இரவு நானும் மெம்பிஸ் பையனும் கணினிக்கூடத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். இரண்டு பேரும் தலையை மூடிய கோட்டில். நான் அவனைவிட ஒரு சாயல் கறுப்பு. வளாகக் காவலர் நிறுத்தி அடையாள அட்டை கேட்டார். நான் பேச வாயைத் திறந்தேன். என் திருநெல்வேலி ஆங்கிலத்தைக் கேட்டதும் அவர் முகம் தளர்ந்துவிட்டது, வெளிநாட்டு மாணவன் என்று புரிந்துவிட்டது. என் அட்டையைப் பார்க்கவே இல்லை. அவன் அட்டையை டார்ச் அடித்து இரண்டு பக்கமும் பார்த்தார். அந்த மாதத்தில் அவனுக்கு அது மூன்றாவது தடவையாம். அறைக்குப் போகிற வரை ஒன்றும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

இன்னொன்று, தலைமுடி. சிரிக்காதீர்கள். அந்தச் சின்ன ஊரில் கறுப்பினத்தவர் முடியை வெட்டத் தெரிந்த சலூன் ஒன்றுகூட இல்லை. பையன்கள் பஸ் பிடித்து முக்கால் மணி நேரம் போவார்கள். பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது மாடியில் ஒரு சீனியர் மாணவி பின்னிவிடுவாள், ஒரு தலைக்கு ஐந்தாறு மணி நேரம். எந்தப் பேராசிரியரின் வகுப்பை எடுக்கலாம், எந்த உதவித்தொகைக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்பதெல்லாம் அந்த நாற்காலியில்தான் கைமாறும். 'ஒட்டாமல் இருக்கிறார்கள்' என்று வெளியே தெரிவதில் பாதி இதுதான்.

'கறுப்பின மாணவர்கள்' என்று ஒரே சொல்லில் அடைக்கிறோமே, அதுவும் சரியில்லை. அந்த மேசையில் நைஜீரியாவின் லாகோஸ் நகரத்து டாக்டரின் மகள் இருந்தாள், ஜமைக்கா குடும்பத்துப் பிள்ளை இருந்தான், பணக்கார உறைவிடப் பள்ளியில் உதவித்தொகையில் படித்தவனும் இருந்தான். ஐவி லீக் எனப்படும், வடகிழக்கின் எட்டுப் பெயர்பெற்ற தனியார் பல்கலைக்கழகங்களின் கறுப்பின மாணவர்களில் நூற்றுக்கு 41 பேர் வேறு நாட்டிலிருந்து குடியேறியவர்கள் அல்லது அவர்களின் பிள்ளைகள் என்று 2007-இல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. அவர்களுக்குள் வர்க்கச் சண்டை உண்டு, கிண்டல் உண்டு. வசந்தகால விடுமுறையில் சாப்பாட்டுக்கூடத்தை மூடிவிடுவார்கள். டாக்டர் மகள் புளோரிடா போவாள், மெம்பிஸ் பையன் ரொட்டியும் நூடுல்ஸும் வாங்கி வைத்துக்கொள்வான். ஆன்டனி ஆபிரகாம் ஜாக் என்ற சமூகவியலாளர் இந்த விடுமுறைப் பசியைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார், அதற்கப்புறம் சில கல்லூரிகள் கூடத்தைத் திறந்து வைக்க ஆரம்பித்தன.

கலக்க வைக்க முடியுமா என்றால், ஓரளவு முடியும். டியூக் பல்கலைக்கழகம் 2018-இல் முதலாமாண்டு மாணவர்கள் ரூம்மேட்டைத் தாங்களே தேர்ந்தெடுப்பதை நிறுத்தியது. கோடையிலேயே இணையத்தில் பார்த்துத் தன்னைப் போன்றவனையே பிடித்துவிடுகிறார்கள் என்பது காரணம். நல்ல முடிவு என்பேன். ஆனால் நான் தீர்த்த ரூம்மேட் சண்டைகளை வைத்துச் சொல்கிறேன், அதன் சுமை முழுக்க அந்த ஒரு கறுப்பினப் பையன் தலையில் விழாமல் பார்க்க ஆள் வேண்டும்.

இப்போது எண்ணிக்கையே குறைகிறது. சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்று 2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024-இல் சேர்ந்த வகுப்பில் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் கறுப்பினத்தவர் 11 சதவீதத்திலிருந்து 3-க்கு வந்தார்கள், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்ஐடியில் 13-இலிருந்து 5-க்கு. ஆசிய மாணவர்களுக்குச் சேர்க்கையில் அநீதி நடக்கிறது என்று அந்த வழக்கில் வாதாடப்பட்டது என்பதால் உங்கள் மகளிடம் யாராவது இதைப் பற்றிப் பேசக்கூடும், தெரிந்துகொண்டு போகட்டும்.

மற்றபடி அவளுக்குச் சொல்ல ஒன்றுதான் உண்டு. முதல் ஐந்தாறு வாரத்துக்குள் மேசைகள் இறுகிவிடும். அதற்குள் பக்கத்து அறைக்காரர்களைச் சாப்பிடக் கூப்பிடச் சொல்லுங்கள். துணி துவைக்கும் அறைக் கேள்விக்குப் பரிகாரமாக நான் மெம்பிஸ் பையனைச் சனிக்கிழமைக்குக் கூப்பிட்டேன். வந்தான், அப்புறம் வந்துகொண்டே இருந்தான். உருளைக்கிழங்கு வறுவலுக்குச் சண்டை போடுவான். ரசத்தை மட்டும் நான்கு வருடத்தில் இரண்டு முறை முயன்றான், முடியவில்லை.