பெரியவர், ஆசாமி, கார்

கேள்வி: டோக்கியோவில் 87 வயதுப் பெரியவர் ஓட்டிய கார் மோதி ஒரு தாயும் குழந்தையும் இறந்த வழக்கைப் படித்தேன். முன்னாள் உயரதிகாரி என்பதால்தான் மக்கள் அவர் மீது அவ்வளவு வன்மம் காட்டினார்களா? 80 வயதுக்கு மேல் ஓட்டுநர் உரிமமே கிடையாது என்று சட்டம் போட்டால் என்ன?

பதில்: 'பெரியவர்' என்ற சொல்லைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை. தமிழில் நரைத்தவரும் பெரியவர், நாற்காலியில் இருந்தவரும் பெரியவர். கோஸோ ஈஸுகா இரண்டுமாக இருந்தார். ஜப்பான் அரசின் தொழில்நுட்ப அமைப்பு ஒன்றுக்குத் தலைவராக இருந்தவர், அரசு விருது பெற்றவர். 2019 ஏப்ரல் 19 அன்று இகெபுகுரோவில் சிவப்பு விளக்கைத் தாண்டிப் பிரியஸ் காரைச் செலுத்தினார். சைக்கிளில் சாலையைக் கடந்துகொண்டிருந்த 31 வயதுத் தாயும் 3 வயது மகளும் இறந்தார்கள்.

இரண்டு நாள் கழித்து கோபே நகரில், ரயில் நிலையத்துக்கு எதிரே, ஒரு நகரப் பேருந்து பாதசாரிகள் மீது ஏறி இருவர் இறந்தார்கள். 64 வயது ஓட்டுநரை அங்கேயே கைது செய்தார்கள். செய்திகளில் அவர் உடனே 'சந்தேக நபர்' ஆனார். ஈஸுகாவோ 'முன்னாள் தலைவர்'. அவர் காயத்தோடு மருத்துவமனையில் இருக்கிறார், கைதாகவில்லை, அதனால் பதவியைப் போட்டு எழுதுகிறோம் என்று காரணம் சொன்னார்கள். இரண்டு செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்த ஜனங்களுக்கு அந்தக் காரணம் போதவில்லை. 'ஜோக்யூ கொகுமின்', அதாவது மேல்தட்டுக் குடிமகன் என்ற சொல் நாடு முழுக்கப் பற்றிக்கொண்டது. அந்தக் கோபம் எனக்கு நன்றாகவே புரிகிறது.

ஏனென்றால் இது என் பழைய சண்டை. நான் உதவி ஆசிரியராக இருந்த நாளிதழில் ஒரே ராத்திரி இரண்டு விபத்துச் செய்திகள் வந்தன. ஒன்றில், லாரி டிரைவர் 'ஆசாமி'. 'அவன் தாறுமாறாக ஓட்டி வந்தான்'. இன்னொன்றில், 'தொழிலதிபரின் கார் மோதிக் கூலித் தொழிலாளி பலி'. லாரியை மனிதன் ஓட்டினான். காரை யாருமே ஓட்டவில்லை! புரூஃபில் சிவப்பு மையால் 'அவன்' என்பதை அடித்து 'அவர்' என்று எழுதினேன். காரை ஓட்டியவரையும் வாக்கியத்துக்குள் கொண்டுவந்தேன். காலையில் பேப்பரைப் பிரித்தால் இரண்டு திருத்தமும் காணோம். அன்றைக்குத் தொடங்கியது. இந்தப் பக்கத்தில் இதை எத்தனை தடவை எழுதியிருக்கிறேன் என்று பழைய வாசகர்களுக்குத் தெரியும். இன்னும் எழுதுவேன்.

காரை யாருமே ஓட்டவில்லை என்பது போலத்தான் ஈஸுகாவும் நீதிமன்றத்தில் சொன்னார்: தப்பு தன்னுடையதல்ல, காரில் கோளாறு. காரில் பதிவான தரவோ ஆக்சிலேட்டரை மிதித்ததைக் காட்டியது, பிரேக்கைத் தொட்டதற்குத் தடயமில்லை. மனைவியையும் மகளையும் பறிகொடுத்தவர் அந்த வாதத்தை மாதக்கணக்கில் எதிரே உட்கார்ந்து கேட்க வேண்டியிருந்தது. வயதை மன்னிக்கலாம், கால் தடுமாறியதைக்கூட மன்னிக்கலாம். இதை எப்படி மன்னிப்பது? கடும் தண்டனை கேட்ட மனுவில் ஏறத்தாழ 3,90,000 பேர் கையெழுத்திட்டார்கள். அதை வன்மம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2021 செப்டம்பரில் 5 ஆண்டு சிறைத்தண்டனை விதித்த நீதிபதி, தவறை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேளுங்கள் என்று அவரிடமே சொன்னார். ஈஸுகா மேல்முறையீடு செய்யவில்லை. 90 வயதில் சிறைக்குப் போனார். 2024 அக்டோபரில், 93 வயதில், தண்டனைக் காலத்திலேயே இறந்தார். மேல்தட்டுக் குடிமகன் உள்ளே போகவே மாட்டான் என்று அடித்துச் சொன்னவர்கள் இதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

சட்டத்துக்கு வருகிறேன். கோபே ஓட்டுநருக்கு 64தான். 80 என்று கோடு போட்டால் அவரை எப்படிப் பிடிப்பீர்கள்? ஜப்பானில் 75 வயதைத் தாண்டியவர்கள் உரிமத்தைப் புதுப்பிக்க நினைவாற்றல் சோதனை உண்டு. 2022 முதல், குறிப்பிட்ட சில விதிமீறல்களில் சிக்கியவர்கள் ஓட்டியும் காட்ட வேண்டும். அதுதான் சரியான வழி. 2019இல் மட்டும் சுமார் 6 லட்சம் பேர் உரிமத்தைத் தாங்களாகவே திருப்பிக் கொடுத்தார்கள். அதே வருடம் ஜனவரியில் விபத்துக்குள்ளான பிரிட்டன் இளவரசர் பிலிப்பும், 97 வயதில், ஒரு மாதத்துக்குள் கொடுத்துவிட்டார்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். உங்கள் கேள்வியிலும் 'கார் மோதி' என்றே இருக்கிறது. அடுத்த கடிதத்தில் ஓட்டியவரை எழுவாயாக வைத்து எழுதுங்கள்.