எட்டு கிலோவும் பத்து ரூபாயும்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வரும் மே மாதம் நண்பர்கள் நான்கு பேர் எவரெஸ்ட் பேஸ் கேம்ப் வரை நடந்து போகத் திட்டம் போட்டிருக்கிறோம். இதற்காக நெடுநாளாகப் பணம் சேர்த்தோம். டிக்கெட் போடும் நேரத்தில் ஒரு நண்பர் அந்தப் பிரபலமான படத்தை அனுப்பினார். உச்சிக்குக் கீழே கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் நீளமாக வரிசையில் நிற்கும் படம். “உலகத்தின் உயரமான குப்பைமேட்டுக்குப் போய் நீயும் கொஞ்சம் போட்டுவிட்டு வரப்போகிறாயா?” என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் என்கிறார்கள், இத்தனை வண்டிக்கு மேல் விடமாட்டோம் என்கிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு மலைக்கு வருகிற எங்களைத் தடுப்பது என்ன நியாயம்? மலை வசதியானவர்களுக்கும் உள்ளூர்க்காரர்களுக்கும் மட்டும்தானா? நீங்கள் கோத்தகிரியில் இருப்பவர். நேபாளத்துக்கு நான் போகலாமா கூடாதா, நேராகச் சொல்லுங்கள்.

கே., திருப்பூர்

அன்புள்ள கே.,

போகலாம். மே மாதம் மட்டும் வேண்டாம்.

அந்தப் படத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். 2019 மே 22 அன்று நேபாள மலையேறி நிர்மல் புர்ஜா எடுத்தது. அந்த வருடம் நேபாள அரசு 381 பேருக்கு அனுமதி கொடுத்தது. ஒவ்வொருவரோடும் வழிகாட்டியாகக் குறைந்தது ஒரு ஷெர்பா போவார் என்று வைத்தால் எண்ணிக்கை இரட்டிப்பாகிவிடும். அது மட்டும் காரணமில்லை. எவரெஸ்ட்டின் உச்சி, மிக உயரத்தில் வேகமாக வீசும் ஜெட் காற்றோட்டத்துக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது. பருவமழை வருவதற்கு முன்னால், மே மாதத்தில் சில நாட்கள் மட்டும் அந்தக் காற்று விலகிக் கொடுக்கும். 2019-ல் அப்படிக் கிடைத்த நாட்கள் குறைவு. ஆகவே பலரும் ஒரே நாளில் ஒரே கயிற்றில் ஏறினார்கள். எட்டாயிரம் மீட்டருக்கு மேலே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். சிலிண்டரில் கொண்டுபோனதோ, சும்மா நின்றாலும் தீர்ந்துகொண்டே இருக்கும். அந்தப் பருவத்தில் 11 பேர் இறந்தார்கள். எல்லாருமே வரிசையில் நின்றதால் இறந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த உயரத்தில் மணிக்கணக்கில் நிற்பது எத்தனை ஆபத்து என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

இனி குப்பை. உச்சிக்கு முந்தைய கடைசி முகாமான நாலாவது முகாம் இருக்கும் சவுத் கோல், ஏறக்குறைய 7,900 மீட்டர் உயரத்தில் இருக்கிற கணவாய். கிழிந்த டென்ட், அறுந்த கயிறு, காலி கேஸ் டப்பா, உணவுப் பொட்டலம், மனித மலம் எல்லாம் அங்கே கிடக்கின்றன. அந்தக் குளிரில் எதுவும் மக்காது. பனி விழுந்து மூடும், அதன் மேல் அடுத்த வருடத்துக் குப்பை விழும். இப்போது பனி உருகுவதால் பழையதெல்லாம் வெளியே வருகிறது. 2024-ல் நேபாள ராணுவ வீரர்களும் ஷெர்பாக்களும் சேர்ந்த அணி ஒன்று 11 டன் குப்பையையும் நான்கு உடல்களையும் ஒரு எலும்புக்கூட்டையும் கீழே கொண்டுவந்தது. சவுத் கோலில் இன்னும் 40, 50 டன் இருக்கலாம் என்று அந்த அணியின் ஷெர்பா தலைவர் சொன்னார். சில கம்பெனிகள் டென்டில் இருக்கும் தங்கள் பெயரை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொண்டு, டென்டை அங்கேயே விட்டுவிட்டு இறங்குவதாக 2023-ல் ஒரு ஷெர்பா வெளிப்படையாகச் சொன்னார். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. களைப்பில், உயிர் பிழைத்தால் போதும் என்று விட்டுவிட்டு வருவது வேறு. கத்தரிக்கோல் எடுத்து உட்கார்ந்து வெட்டுவதற்குத் தெம்பு இருந்திருக்கிறது அல்லவா?

நேபாளம் சும்மா இருக்கவில்லை. 2014-ல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். மலையேறுபவர்கள் 4,000 டாலர் டெபாசிட் கட்ட வேண்டும், ஆளுக்கு எட்டு கிலோ குப்பையைக் கீழே கொண்டுவந்து காட்டினால் பணம் திரும்பக் கிடைக்கும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. பெரும்பாலோர் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள், குப்பை மட்டும் மேலேயே இருந்தது. காரணம் எளிது. எட்டு கிலோ என்றால் எட்டு கிலோ, அது எங்கே கிடந்தது என்று தராசு கேட்காது. கீழ் முகாம்களில் கைக்கு எட்டுவதைப் பொறுக்கிக் கணக்குக் காட்டினால் போதும். சவுத் கோலில் விட்டுவந்த டென்டுக்குக் கேள்வி இல்லை. பத்து வருடத்துக்கு மேல் நடந்த இந்தத் திட்டம் பலன் தரவில்லை என்று அதிகாரிகளே ஒப்புக்கொண்டு, டெபாசிட்டைத் திரும்பத் தராத கட்டணமாக மாற்றும் முடிவுக்கு வந்திருக்கிறார்கள். இது சரியான முடிவாக எனக்குத் தெரியவில்லை. ஏன் என்று சொல்ல எங்கள் ஊருக்கு வர வேண்டும்.

2022 மே மாதம், உயர் நீதிமன்றம் சொன்னதன் பேரில், நீலகிரி டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்க ஆரம்பித்தார்கள். காலி பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தால் பத்து ரூபாய் திரும்பக் கிடைக்கும். அதுவரை இங்கே காட்டோரம் எங்கும் உடைந்த பாட்டில்தான். யானையின் உள்ளங்கால் மிருதுவானது, கண்ணாடி ஏறினால் சீழ் வைத்து நடக்க முடியாமல் போய்விடும். வழக்கே காட்டுவிலங்குகளுக்காக எடுத்துக்கொண்டதுதான்.

எங்கள் வீட்டுக்குக் கீழே ரோட்டில் காலையில் ஒரு பெரியவர் யூரியா சாக்கோடு போவார். ஒவ்வொரு வளைவிலும் நின்று, உண்ணிச்செடிப் புதரைக் குச்சியால் விலக்கிப் பார்ப்பார். பாட்டில் கிடைத்தால் முதலில் திருப்பிப் பார்ப்பது அடிப்பக்கத்தையோ மூடியையோ அல்ல, பத்து ரூபாய் திரும்பக் கிடைப்பதற்கு அடையாளமான ஸ்டிக்கரை. ஸ்டிக்கர் இருந்தால் பாட்டில் சாக்குக்குள் போகும். உரிந்து போயிருந்தால் இருந்த இடத்திலேயே வைத்துவிடுவார். குடித்துவிட்டு வீசியவன் ஈரோட்டிலோ மைசூரிலோ நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பான். அவன் திருந்த வேண்டிய அவசியமே இந்த ஏற்பாட்டில் இல்லை. பாட்டிலுக்கே ஒரு விலை வந்துவிட்டதால் யார் கை எடுத்தாலும் அது கீழே வந்து சேர்ந்துவிடுகிறது. இன்று எங்கள் பக்கத்துச் சரிவுகளில் மது பாட்டில் அரிதாகிவிட்டது. (காலி பாட்டிலை வாங்கி, எண்ணி, அடுக்கி வைக்கும் வேலை முழுக்கக் கடை ஊழியர்கள் தலையில் விழுந்தது. அதற்கு ஆள் போடச் சொல்லி அவர்கள் போராடியது நியாயம்தான்.)

எட்டு கிலோ ஆளின் மேல் விழுந்த கணக்கு. பத்து ரூபாய் பொருளின் மேலேயே ஒட்டியிருக்கிறது. எவரெஸ்ட்டிலேயே இதற்குச் சாட்சி உண்டு. ஒரு காலத்தில் காலி ஆக்சிஜன் சிலிண்டர்கள் அங்கே குவிந்து கிடந்தன. மறுபடி நிரப்பலாம், காசு ஆகும் என்றானதும், கீழே கொண்டுவரும் ஷெர்பாவுக்கு ஒவ்வொன்றுக்கும் பணம் என்றானதும், அவை பெரும்பாலும் இறங்கி வந்துவிட்டன. டென்டுக்கும் அதையே செய்யலாமே? பேஸ் கேம்ப்பில் ஒவ்வொரு டென்டுக்கும் எண் போடுங்கள், அந்த எண்ணின் மேல் டெபாசிட் வையுங்கள், எந்த ஷெர்பா இறக்கிக் கொண்டுவந்தாலும் அந்தப் பணம் அவருக்கு. திரும்பத் தராத கட்டணம் இதற்கு நேர் எதிரானது. கட்டணம் கட்டியவன், சுத்தம் செய்யத்தான் காசு கொடுத்தாயிற்றே என்று நினைப்பான். கொடைக்கானலில் ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டிலுக்கு இருபது ரூபாய் பசுமை வரி போட்டபோதும் எனக்கு இதே கவலைதான் வந்தது. வரி கட்டிய பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவர யாருக்கும் ஒரு காரணமும் இல்லை.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. கோபம் புரிகிறது, ஆனால் விவரத்தைப் பாருங்கள். 2025 ஏப்ரலில் வைத்த வரம்பின்படி நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. இ-பாஸுக்குக் காசு கிடையாது. அரசுப் பேருந்திலோ ரயிலிலோ வருபவருக்கு இ-பாஸே வேண்டாம். மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறி வருகிற குடும்பத்தை யாரும் தடுக்கவில்லை. எண்ணுவது கார்களைத்தான். மே மாதம் குன்னூர் ரோட்டில் கார்கள் நகராமல் நிற்கும்போது நடுவே ஆம்புலன்ஸ் மாட்டிக்கொள்வதைப் பார்த்தவர்கள் நாங்கள். இதில் வசதியானவர், இல்லாதவர் என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்தப் பேச்சு பொருந்துவது எவரெஸ்ட்டுக்கு. அனுமதிக் கட்டணத்தை 2025 செப்டம்பரில் 11,000 டாலரிலிருந்து 15,000 ஆக்கினார்கள். ஏற்கெனவே அதைப்போல் மூன்று நான்கு மடங்கு செலவழிக்கத் துணிந்தவர் இன்னொரு நாலாயிரத்துக்காக நிற்கப்போவதில்லை. கூட்டம் குறைய வேண்டுமென்றால் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்க வேண்டும். திபெத் பக்கத்தில் சீனா 2019-ல் வருடத்துக்கு 300 பேர் என்று வைத்தது. நேபாள உச்ச நீதிமன்றமும் 2024-ல் அனுமதிகளைக் கட்டுப்படுத்தச் சொல்லிவிட்டது. நம் மலைகள் எத்தனை பேரைத் தாங்கும் என்று கணக்கிடும் வேலை சென்னை ஐஐடியிடமும் பெங்களூரு ஐஐஎம்மிடமும் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கணக்கில் தண்ணீரும் குப்பையும் சேர வேண்டும். கார் நிற்க இடமிருக்கிறதா என்று மட்டும் பார்த்து முடித்துவிடக் கூடாது.

ஏனென்றால் ரோட்டில் பார்ப்பது பாதிதான். கார் போன பிறகு சரிவில் இறங்கிப் பாருங்கள். சீசன் முடிந்த ஒரு ஜூன் காலையில், வேன்கள் நிறுத்திச் சமைக்கும் வளைவு ஒன்றில், தூய்மைப் பணியாளர் அக்கா ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். கொக்கி கட்டிய மூங்கிலும் ஒரு சாக்கும் வைத்திருந்தார். சிப்ஸ் பாக்கெட்டும் பேப்பர் கப்பும் எளிது, கொக்கியில் மாட்டி இழுத்துவிடலாம் என்றார். “டயப்பர்தான் சார் கஷ்டம். மழையைக் குடிச்சு ஊதிக் கெடக்கும். கொக்கியில மாட்டினா கிழிஞ்சு உள்ள இருக்கறதெல்லாம் கொட்டும். கையிலதான் எடுக்கணும்.” அவர் கையில் இருந்த உறை கட்டைவிரல் பக்கம் கிழிந்திருந்தது. அந்த டயப்பரைக் கட்டிய குழந்தை எந்த ஊரோ, தாய் தகப்பன் கெட்டவர்களாகவும் இருக்க மாட்டார்கள். காருக்குள் நாற்றம் வரும் என்று ஜன்னல் வழியாகப் போட்டிருப்பார்கள், அவ்வளவுதான். இரவில் காட்டுமாடு வந்து அதைக் கிளறும். காட்டுமாட்டுச் சாணியிலும் யானை லத்தியிலும் பிளாஸ்டிக் பார்ப்பது இங்கே புதிதல்ல. நீலகிரியில் பிளாஸ்டிக் தடை மாநிலத் தடைக்குப் பல வருடம் முந்தியது. குஞ்சப்பனை சோதனைச்சாவடியில் வண்டியை நிறுத்தித் தண்ணீர் பாட்டிலை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். டயப்பரை யார் வாங்கி வைப்பது?

எவரெஸ்ட்டிலும் இதுதான் நிலைமை. பேஸ் கேம்ப்பின் மலம் டிரம்களில் அடைக்கப்பட்டு, சுமைக்காரர் முதுகில், சற்றுக் கீழே இருக்கும் கோரக் ஷெப் என்ற ஊர்ப் பக்கம் போய், குழியில் கொட்டப்படுகிறது. கீழே இருக்கும் ஊர்களின் தண்ணீர் அந்தச் சரிவுகளிலிருந்துதான் வருகிறது. 2024 முதல் உச்சிக்கு ஏறுபவர்கள் பையில் பிடித்துக் கீழே கொண்டுவர வேண்டும் என்று உள்ளூர் நகராட்சி விதி போட்டது. ரொம்பத் தாமதமாக வந்தாலும் சரியான விதி.

உங்கள் நண்பர் அனுப்பிய படத்தில் நீங்கள் இல்லை, அது உச்சி ஏறுபவர்களின் கூட்டம். ஆனால் அவர்கள் சில நூறு பேர். பேஸ் கேம்ப் வழியில் நடப்பவர்கள் வருடத்துக்கு ஐம்பதாயிரத்துக்கும் மேல். விமானத்தில் இறங்கி நடக்கத் தொடங்கும் லுக்லாவுக்கு மேலே வாகனச் சாலை கிடையாது. நீங்கள் குடிக்கும் டீத்தூள்கூட விமானத்திலும் யாக் மேலும் ஆள் முதுகிலும்தான் ஏறுகிறது. ஏறுவதற்குக் காசு கொடுக்க ஆள் இருக்கிறது, இறங்குவதற்கு இல்லை. எவரெஸ்ட் அடிவாரப் பகுதியான கும்புவின் மக்கள் 1998-லேயே கண்ணாடி பீர் பாட்டிலைத் தங்கள் பகுதிக்குள் தடை செய்துவிட்டார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டு நடந்தாலே பாதி வேலை முடிந்தது.

அதனால் நவம்பர் கடைசியில் கிளம்புங்கள். குளிர் அதிகம், ஆனால் வானம் சுத்தமாக இருக்கும், லாட்ஜில் இடம் இருக்கும். தண்ணீர் பாட்டில் வாங்காதீர்கள். சுத்திகரிப்பு மாத்திரை திருப்பூரிலேயே வாங்கிவிடுங்கள். வெட் வைப்ஸ் வேண்டவே வேண்டாம். சுமைக்காரருக்கு எத்தனை கிலோ, காப்பீடு உண்டா, இரவில் எங்கே தூங்குவார் என்று ஏஜென்சியிடம் கேளுங்கள். மழுப்பினால் வேறு ஏஜென்சி பாருங்கள். இறங்கும்போது வழியில் இருக்கும் நாம்சே ஊரில் ‘கேரி மீ பேக்’ என்று ஒரு கிலோ குப்பையைத் துணிப்பையில் கட்டிக் கொடுப்பார்கள், லுக்லா விமான நிலையத்தில் ஒப்படைக்கலாம். நாலு பேரும் ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கோத்தகிரிக்கு ஜூலையில் குழந்தைகளோடு வாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ் இருக்கிறது, இ-பாஸ் வேண்டாம்.

அன்புடன்