சுகர் குறைந்தால் கிட்னியும் தப்புமா? டாக்டர் பதில்கள்

கேள்வி: என் கணவருக்கு வயது 46, எடை 98 கிலோ, உயரம் 165 செ.மீ. 12 வருடமாகச் சுகர், இரண்டு வேளை இன்சுலின், பி.பி. மாத்திரையும் உண்டு. இப்போது யூரினில் ஆல்புமின் என்ற புரதம் 180 வந்திருக்கிறது. எடை குறைப்பு ஆபரேஷன் செய்தால் கிட்னிக்கும் ஹார்ட்டுக்கும் நல்லது என்கிறார் டாக்டர். இதில் யாரோ இறந்ததாகப் பேப்பரில் படித்த என் மாமியார், வேண்டவே வேண்டாம் என்கிறார். என்ன செய்வது?
- வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: மாமியார் பயப்படுவதில் தப்பில்லை அம்மா. ஆனால் அனுபவமுள்ள குழு செய்யும்போது உயிரிழப்பு ஆயிரத்தில் ஓரிருவர் அளவில்தான், பித்தப்பை ஆபரேஷனில் இருப்பதை ஒட்டித்தான் வரும். ஏற்கெனவே சுகர், கிட்னி என்று இருப்பவருக்குச் சற்றுக் கூடலாம். அதே சமயம் ஒன்றும் செய்யாமல் இருப்பது பத்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். 30-க்குள் இருக்க வேண்டிய ஆல்புமின் 180 என்றால் கிட்னியின் வடிகட்டி கசிய ஆரம்பித்துவிட்டது, ஹார்ட்டுக்கும் அது எச்சரிக்கைதான்.

உடல் பருத்தால் கிட்னி எந்நேரமும் அளவுக்கு மீறி வடிகட்டிக்கொண்டே இருக்கும், சுகரும் பி.பி.யும் சேர்ந்தால் சீக்கிரமே களைத்துப்போகும். ஆபரேஷனுக்குப் பிறகு இந்த மூன்று பாரமும் ஒன்றாக இறங்குகிறது, குடலில் சுரக்கும் ஹார்மோன்கள் மாறுவதால் எடை குறைவதற்கு முன்பே, சில நாட்களிலேயே சுகர் இறங்குவதைப் பார்க்கலாம். 2020-இல் வெளியான பிரேசில் ஆய்வில் உங்கள் கணவரைப் போல சுகரும் ஆரம்பகட்டக் கிட்னிப் பாதிப்பும் உள்ள 100 பேரை எடுத்தார்கள், எடை மட்டும் இவரைவிடக் கொஞ்சம் குறைவு. இரண்டு வருடத்தில் இரைப்பை பைபாஸ் (இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு இணைக்கும் எடை குறைப்பு ஆபரேஷன்) செய்தவர்களில் 82 சதவீதம் பேருக்கு ஆல்புமின் கசிவு அடங்கியது. மருந்தை மட்டும் ஒழுங்காக எடுத்தவர்களிலும் 55 சதவீதம் பேருக்கு அடங்கியது, அதையும் மறக்க வேண்டாம். ஹார்ட் விஷயத்தில், அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக் பழைய மருத்துவப் பதிவுகளை வைத்து 2019-இல் வெளியிட்ட கணக்குப்படி, எட்டு வருடத்தில் மரணம், மாரடைப்பு, பக்கவாதம், ஹார்ட் ஃபெயிலியர், கிட்னிப் பாதிப்பு மாதிரியான பெரிய சிக்கல் ஏதாவது ஒன்று வந்தவர்கள், ஆபரேஷன் செய்தவர்களில் சுமார் 31 சதவீதம், செய்யாதவர்களில் சுமார் 48 சதவீதம். பதிவுகளை வைத்துப் போட்ட கணக்கு என்பதால் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன், ஆனாலும் வித்தியாசம் பெரிது.

உங்கள் கணவரின் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு, 36, அதிகம்தான். நான் டாக்டர் பக்கம்தான். முடிவு செய்யும் முன் ஜிப்மர் போன்ற இடத்தில் கிட்னி டாக்டரிடமும் ஒரு கருத்துக் கேளுங்கள், ஹார்ட்டுக்கு எக்கோ ஸ்கேனும் கண் விழித்திரைப் பரிசோதனையும் கட்டாயம். சுகர் சடாரென்று இறங்கினால் சிலருக்கு விழித்திரைப் பாதிப்பு கூடும், இதைப் பலர் சொல்வதே இல்லை. டாபாகிளிஃப்ளோசின் வகை சுகர் மாத்திரை சாப்பிட்டால் ஆபரேஷனுக்கு மூன்று நான்கு நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: இரைப்பை பைபாஸ் செய்து எட்டு மாதம் ஆகிறது, 27 கிலோ குறைந்திருக்கிறேன். இன்சுலின் நின்றுவிட்டது, கிரியேட்டினின் 1.2-லிருந்து 0.9. கிட்னி சரியாகிவிட்டதால் டெல்மிசார்டனை நிறுத்திவிடலாமா? எப்போதாவது நண்பர்களோடு குடிக்கலாமா?
- வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு சார், கிட்னி வடிகட்டுவது. 27 கிலோவில் கொழுப்போடு தசையும் கரைந்திருக்கும், அதனாலேயே அந்த எண் இறங்கும், கிட்னி தேறாமலேயே கூட. யூரின் ஆல்புமின் பாருங்கள், முடிந்தால் சிஸ்டாட்டின் சி என்ற ரத்தப் பரிசோதனையும். டெல்மிசார்டன் பி.பி.க்கு மட்டுமல்ல, ஆல்புமின் கசிவுக்கும்தான். நீங்களாக நிறுத்தாதீர்கள். எழுந்தால் தலை சுற்றுகிறது என்றால் டாக்டர் அளவைக் குறைப்பார், வாந்தி பேதி நாளில் அவரிடம் போன் போட்டுக் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

குடி வேண்டாம். பைபாஸுக்குப் பிறகு ஆல்கஹால் ரத்தத்தில் வேகமாகவும் அதிகமாகவும் ஏறும், முன்பு குடிப்பழக்கமே இல்லாத சிலர் கூட அதில் மாட்டியிருக்கிறார்கள்.  குடியோடு வரும் சைட் டிஷ் முந்திரியும் உங்களுக்கு ஆகாது: பைபாஸுக்குப் பிறகு கொழுப்பு சரியாக உறிஞ்சப்படாமல் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், அதனால் வழக்கமாகக் கால்சியம் குடலிலேயே தடுத்துவைக்கும் ஆக்சலேட் என்ற உப்பு, உணவிலிருந்து தடையில்லாமல் ரத்தத்துக்குப் போய் கிட்னியில் கல்லாகும். பண்ருட்டி முந்திரியிலும் பசலைக்கீரையிலும் ஆக்சலேட் அதிகம். கத்திரி வெயிலில் தண்ணீர் பாட்டில் கையிலேயே இருக்கட்டும், ஒரே மூச்சில் குடிக்காமல் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக. மூட்டு வலிக்கு டைக்ளோஃபினாக் வாங்கிப் போடவே போடாதீர்கள், குடல் இணைப்பில் புண் வரும், கிட்னியும் கெடும். பி12, இரும்புச்சத்து, வைட்டமின் டி மாத்திரைகள் ஆயுள் முழுக்க.

கேள்வி: பி.எம்.ஐ. 26, ஒரு வருடமாகச் சுகர். நானும் ஆபரேஷன் செய்துகொள்ளலாமா?
- வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: வேண்டாம். ஆசியர்களுக்கு இந்தப் பேச்சே 27.5-க்கு மேல்தான். நடை, சாப்பாடு, மெட்ஃபார்மின், தேவைப்பட்டால் டாபாகிளிஃப்ளோசின். அது கிட்னிக்கும் ஹார்ட்டுக்கும் நல்லது, இப்போது விலையும் குறைந்துவிட்டது. வருடத்துக்கு ஒருமுறை யூரின் ஆல்புமின் பாருங்கள்.