பழைய பொருளும் தர முத்திரையும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: ஆன்லைனில் ‘எக்ஸலண்ட்’ என்று தரம் போட்டிருந்த பழைய செல்போன் ஒன்றை வாங்கினேன். மேலே ஒரு கீறல்கூட இல்லை, புதுசு மாதிரியே இருக்கிறது. ஆனால் மதியம் தாண்டுவதற்குள் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது. என்னை ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: உடனே அப்படிச் சொல்லிவிட முடியாது. பல தளங்களில் எக்ஸலண்ட், குட், அக்செப்டபிள் எல்லாம் பெரும்பாலும் வெளித்தோற்றத்துக்குப் போடும் மார்க்தான். அமேசானில் பழைய பொருளைச் சோதித்து விற்கும் ‘ரினியூட்’ பிரிவையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே எக்ஸலண்ட் என்றால், சுமார் 30 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்துப் பார்க்கும்போது கீறல் கண்ணில் படக் கூடாது. பேட்டரிக்குத் தனிக் கணக்கு: புதுசாக இருந்தபோது தாங்கியதில் 80 சதவீதமாவது தாங்க வேண்டும். இந்த 80 எக்ஸலண்டுக்கும் அதேதான், அக்செப்டபிளுக்கும் அதேதான். ஆக, கூடுதல் பணம் கொடுத்து மேல் தரத்தை வாங்கும்போது கையில் கூடுதலாக வருவது பளபளப்பு. வந்த அன்றே கவர் போட்டு மூடப்போகிறோம், அதற்கு எதற்கு இவ்வளவு காசு? என்னைக் கேட்டால் கீறல் விழுந்ததை வாங்கி, மிச்சப்படும் பணத்தில் பேட்டரியை மாற்றிக்கொள்வேன்.

சரி, இப்போது என்ன செய்வது? ஐபோன் என்றால் செட்டிங்ஸில் பேட்டரி பகுதிக்குப் போனால் ‘மேக்ஸிமம் கெப்பாசிட்டி’ எத்தனை சதவீதம் என்று காட்டும். ஐபோன் 14 வரைக்குமான மாடல்களின் பேட்டரி, நல்ல சூழ்நிலையில் 500 முறை முழுதாக ஏறி இறங்கிய பிறகும் 80 சதவீதம் தாங்கும்படி செய்யப்பட்டது என்றும், 15-லிருந்து அது 1000 முறை என்றும் ஆப்பிளே சொல்லியிருக்கிறது. நீங்கள் வாங்கிய தளம் சொன்ன அளவுக்குக் கீழே இருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ரிட்டர்ன் கெடு முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள். தளம் பேட்டரியைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையா? அப்படியானால் உங்கள் பக்கம் வாதம் கொஞ்சம் பலவீனம்தான். அடுத்த முறை வாங்கும் முன்பே சாட்டில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். லேப்டாப் வாங்குகிறவர்களுக்கும் இதேதான். விண்டோஸில் பேட்டரி ரிப்போர்ட் என்று ஒன்று எடுக்க முடியும், புதிதில் இருந்த கொள்ளளவும் இப்போது இருப்பதும் பக்கத்து பக்கத்து வரியில் வந்துவிடும், விற்பவருக்கு ரெண்டு நிமிட வேலை. அதை அனுப்பத் தயங்குகிறவரிடம் நான் வாங்க மாட்டேன்.

கேள்வி: பழைய எல்.பி. ரெக்கார்டு ஒன்று, ‘வெரி குட்’ என்று போட்டிருந்தது. ஓட விட்டால் பாட்டோடு சேர்ந்து கரகரப்பும் கேட்கிறது. இதுவா வெரி குட்?

பதில்: ரெக்கார்டு வியாபாரத்தில் இதுதான் வெரி குட்! ரெக்கார்டு வாங்கி விற்கும் டிஸ்காக்ஸ் தளத்திலும் மற்ற பல இடங்களிலும் ‘கோல்ட்மைன்’ என்ற ரெக்கார்டு சேகரிப்பாளர் பத்திரிகையின் தர வரிசையைப் பின்பற்றுகிறார்கள். மேலே மின்ட், அப்புறம் நியர் மின்ட், அப்புறம் வெரி குட் பிளஸ், நாலாவதாகத்தான் வெறும் வெரி குட். அதன் விளக்கத்திலேயே, மெல்லிய இசை வரும் இடங்களிலும் பாட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் இரைச்சல் கேட்கும் என்று இருக்கிறது. அதற்கும் கீழே வரும் ‘குட்’, ஊசி தாவாமல் கடைசி வரை ஓடும் என்பதற்குமேல் பெரிதாக எதையும் உறுதி சொல்வதில்லை. கேட்டு ரசிக்க வாங்குகிறீர்கள் என்றால் வெரி குட் பிளஸுக்குக் கீழே இறங்காதீர்கள். உறைக்கும் தட்டுக்கும் தனித்தனியாகத் தரம் போட்டிருப்பார்கள், அதையும் பிரித்துப் பாருங்கள், அட்டை ஜம்மென்று இருந்து தட்டு தேய்ந்து கிடப்பது சாதாரணம்.

பழைய புத்தகத்திலும் இதே கதை. ‘குட்’ என்றால் பக்கங்கள் எல்லாம் இருக்கின்றன, ஆனால் நன்றாகப் புழங்கியது என்று பொருள். நூலகத்திலிருந்து கழித்த பிரதி என்றால் அதை விற்பவர் தனியாகச் சொல்லியாக வேண்டும்.

(பழைய நாணயம் சேர்ப்பவர்கள் பாடு தேவலை, அவர்களுக்கு 1 முதல் 70 வரை எண்ணே இருக்கிறது. 1949-ல் ஷெல்டன் என்பவர் அமெரிக்கச் செப்புக் காசுகளுக்காகப் போட்ட கணக்கு அது. 70 வாங்கிய காசு, 1 வாங்கியதைப் போல 70 மடங்கு விலை பெறும் என்பது அவர் எண்ணம். விலைக் கணக்கு எப்போதோ பொய்யாகிவிட்டது, எண்கள் மட்டும் நிலைத்துவிட்டன.)

கேள்வி: ‘லைக் நியூ’ நல்லதா, ‘ரீஃபர்பிஷ்டு’ நல்லதா?

பதில்: முன்னது, பொருளை வைத்திருந்தவர் தானே கொடுத்துக்கொள்ளும் சான்றிதழ். பின்னதை யாரோ ஒருவர் திறந்து சோதித்து, பழுது இருந்தால் சரிசெய்திருக்க வேண்டும். அந்த யாரோ ஒருவர் தயாரித்த கம்பெனியே என்றால் கண்ணை மூடிக்கொண்டு ரீஃபர்பிஷ்டு. வாரன்டி எழுதித் தராத கடையின் ரீஃபர்பிஷ்டு என்றால் எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

கேள்வி: பழைய கேமராவும் லென்ஸும் விற்கப் போகிறேன். என்ன தரம் போடட்டும்?

பதில்: இரண்டு தரத்துக்கு நடுவில் தடுமாறினால் கீழே உள்ளதைப் போடுங்கள். கொஞ்சம் விலை குறையும், ஆனால் பார்சல் திரும்பி வந்து இரண்டு பக்கத் தபால் செலவும் உங்கள் தலையில் விழுவதைவிட மேல். லென்ஸின் பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள், சிலந்தி வலை மாதிரி ஏதாவது தெரிந்தால் அது பூஞ்சை. அதையும் படம் பிடித்துப் போடுங்கள். ‘கடைசியாகப் பார்த்தபோது வேலை செய்தது’ என்று மட்டும் எழுதாதீர்கள், வாங்குகிறவர்கள் அதைப் படித்ததும் ஓடிவிடுவார்கள். புது பேட்டரி போட்டு இன்றைக்கு நாலு படம் எடுத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள். அதற்கு வழியில்லை என்றால் ஈபேயில் ‘உதிரி பாகங்களுக்கு, அல்லது வேலை செய்யாதது’ என்ற பிரிவு இருக்கிறது, அங்கே போடுங்கள். அதற்கென்றே தேடிவந்து வாங்குகிற மெக்கானிக்குகள் உண்டு.